கட்டாக்காலி மென்பொருள்: நெடுந்தீவை முன்வைத்து ஓர் ஆய்வு

யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றான நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளைப் பற்றி அறிஞர் பலர் எழுதிவிட்டனர். போர்த்துக்கேயர் கொண்டுவந்தனர், ஒல்லாந்தர் பெருக்கினர், ஆங்கிலேயரும் வளர்த்தனர். எசமான்கள் கப்பலேறியபின் குதிரைகள் தங்கிவிட்டன. அதே தீவில், புத்தம்புது மடிக்கணினிகளுக்குள் மேயும் இன்னோர் இனத்தைத்தான் அறிவுலகம் கவனிக்கவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் களம். நெடுந்தீவுக்குப் போகும் எப்பொருளும் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலில் ஆடியே கரைசேர வேண்டும். அரிசி மூட்டைக்கும் சீமெந்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இதுவே விதி. ஏற்றக் கூலி, இறக்கக் கூலி. ஆகவே தேவையற்ற ஒன்றைத் தீவகத்தார் படகில் ஏற்றமாட்டார் என்பது இவ்வாய்வின் முதற் கருதுகோள். யாழ்ப்பாணத்தில் வாங்கி, பண்ணைப் பாலமும் வேலணையும் புங்குடுதீவும் கடந்து வரும் மடிக்கணினி அக்கருதுகோளைக் கவிழ்த்துவிடுகிறது.

மூடியைத் திறந்ததும் சில நாட்களுக்கு மட்டும் இலவசமான வைரஸ் காவலன் ஒருவர் வணக்கம் சொல்கிறார். அவர் பின்னால் யாரும் கேட்காத சீட்டாட்டம், யாரும் அழைக்காத 'உதவியாளர்', ஏதோவொரு கடையின் விளம்பரக் குறி. இவர்களுக்கு ஏற்றுகூலி கொடுத்தது யார்? பெரும்பாலும் அந்தந்த மென்பொருள் நிறுவனங்களே. கணினித் தயாரிப்பாளருக்குப் பணம் கட்டி இடம்பிடிக்கின்றன. இலாபம் மெலிந்த மலிவுக் கணினி வியாபாரத்தில் அந்தப் பணம் பெரிய ஆறுதல்.

வரலாற்றுச் சான்றுகள் சுவையானவை. 2008இல் சொனி நிறுவனம் சில வயோ கணினிகளிலிருந்து இச்சுமையை நீக்கித் தர ஏறக்குறைய 50 டொலர் கேட்டது. தானே ஏற்றியதை இறக்கவும் கூலியா என்று கண்டனம் எழ, கட்டணத்தைக் கைவிட்டது. லெனோவோவின் கதை இதைவிடக் கனமானது. 2014இல் அதன் சில கணினிகளில் 'சூப்பர்பிஷ்' என்ற விளம்பர மென்பொருள் ஏறியது. பாதுகாப்பான இணையத் தொடர்புகளுக்குள்ளும் அது தலைநீட்டி விளம்பரம் செருகியது. கள்வர் நுழையவும் வழி திறந்தது. 2015 பெப்ரவரியில் குட்டு வெளிப்பட, 2017இல் அமெரிக்க மாநிலங்கள் 32க்கு 35 இலட்சம் டொலர் கொடுக்க லெனோவோ இணங்கியது. நெடுந்தீவுக் குதிரைகள் இவ்வளவு சேதம் செய்ததாகப் பதிவில்லை.

இத்தனை பேரையும் சுமக்கும் புதுக் கணினி மந்தமாகிவிடுகிறது. இந்நோய்க்கு உள்ளூரில் வழங்கும் விளக்கம் ஒன்றுண்டு: "புதுசுதானே, ஓட ஓடச் சரிவரும்." மோட்டார் சைக்கிள் சாஸ்திரத்திலிருந்து கடன்வாங்கிய கோட்பாடு. வியப்பு என்னவென்றால், இதில் பாதி உண்மை. முதற் சில நாட்கள் விண்டோஸ் பின்னணியில் புதுப்பிப்புகளை இறக்கிக்கொண்டும் கோப்புகளுக்கு அட்டவணை போட்டுக்கொண்டும் இருக்கும். முடிந்ததும் வேகம் ஓரளவு திரும்பும். மறுபாதி தானாகச் சரிவராது.

களமுறை எளிது. கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். கணினியோடு சேர்ந்து கண்விழிக்கும் கூட்டம் அதன் 'ஸ்டார்ட்அப்' பகுதியில் அகப்படும். வேண்டாதவற்றை அங்கேயே உறங்கவைக்கலாம். பிறகு 'செற்றிங்ஸ்' போய், 'அப்ஸ்' பட்டியலில் ஒவ்வொன்றாக அகற்றலாம். இலவசக் காவலனை அனுப்பிவிட்டால் கணினி அநாதையாகிவிடும் என்று அஞ்சவேண்டாம். விண்டோஸின் சொந்தக் காவலன் டிபென்டர் தானாகவே பொறுப்பேற்கும். ஆனால் இன்டெல், றியல்டெக் என்று பெயர்தாங்கிய டிரைவர்களில் கைவைக்கக்கூடாது. வேண்டாத ஆளென்று ஒலியை வழியனுப்பியவர்கள் உண்டு.

நான்கு ஜிபி நினைவகத்தோடும் பழைய சுழல்தட்டோடும் விற்கப்பட்ட கணினிக்கு இச்சிகிச்சை சிறு ஆறுதலே. அதற்கு வேண்டியது சுழல்தட்டுக்குப் பதிலாக ஓர் எஸ்எஸ்டி.

கணினியை முதல்நிலைக்கே திருப்பும் 'றீசெற்' என்னும் பேரஸ்திரத்திலும் சிக்கலுண்டு. தயாரிப்பாளர் வைத்த மீட்புப் பிரதியிலிருந்து செய்தால், விரட்டியவை அனைத்தும் குடும்பத்தோடு திரும்பக்கூடும். விண்டோஸை இணையத்திலிருந்து புதிதாக இறக்கினால் 4 ஜிபிக்கு மேல் டேட்டா போகும். ஒல்லாந்தர் புறாவில் செய்தி அனுப்பியதாகச் சொல்லப்படும் புறாக்கூடு இன்னும் நிற்கும் தீவில், கைபேசி டேட்டாவை நம்பி இதில் இறங்குவது துணிகரம்.

ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: கணினியை வாங்கிய அன்றே, யாழ்ப்பாணத்தில் நல்ல வைபை கிடைக்குமிடத்தில் அமர்ந்து, அகற்றலையும் புதுப்பிப்பையும் முடித்துவிட்டுக் குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறுங்கள். கடைசிப் படகின் நேரத்தையும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் காட்டும் சதவீதக் கணக்கை நம்பவேண்டாம்.