சுடச்சுட பதில்கள்

தனி வீடு கட்டிவிட்டேன். பாதுகாப்புக்கு ஏ.கே.47 வைத்துக்கொள்ள லைசென்ஸ் கிடைக்குமா? (வாசகர், ஊரப்பாக்கம்)

வண்டலூர் பக்கம்தான், ஆனாலும் சிங்கங்கள் வேலிக்குள்தானே ஐயா இருக்கின்றன! விசையை அழுத்தினால் விடும்வரை சுடும் ரகம் 'தடை செய்யப்பட்ட ஆயுதம்'. அதற்கு அனுமதி தர கலெக்டரால் ஆகாது, டெல்லிதான் தரவேண்டும். 'குடும்பப் பாதுகாப்புக்கு' என்று நடிகர் சஞ்சய் தத்தும் ஏ.கே.56 விஷயத்தில் சொல்லிப் பார்த்தார். 2013-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, ஐந்தாண்டு சிறை. இப்போது சட்டம் இன்னும் கடுமை: 7 முதல் 14 ஆண்டு. அங்கே காவல் பலமாகவே இருக்கும்.

சாதா ரிவால்வராவது?

உயிருக்கு ஆபத்து என்று போலீஸ் நம்பினால் யோசிப்பார்கள். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான்; முன்பு மூன்று. தேர்தல் அறிவித்தால் பெரும்பாலும் அதையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வாக்கு எண்ணி முடிக்கும்வரை பொறுத்திருக்கும்படி திருடனிடம் சொல்லிவையுங்கள்.

மகள் கல்யாணத்தில் வானத்தை நோக்கி இரண்டு வெடி?

யார் உயிருக்காவது ஆபத்து வரும்படி சுட்டால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. அதே ஒரு லட்சத்துக்கு நல்ல நாதஸ்வரக் கச்சேரியே வைக்கலாமே!