மூன்றாம் நம்பர் ஜோன்

சனிக்கிழமை தபாலில் கடிதம் வந்தது. குடியிருப்போர் சங்கத்திலிருந்து வந்தால் உறையைப் பிரிக்காமலே விஷயம் தெரிந்துவிடும். பொங்கல் வாழ்த்து அனுப்பும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. உள்ளே இரண்டு வண்ணப் படங்கள். ஒன்றில் என் வீட்டு முன்புறப் புல்தரை, நடுவில் தோசைக்கல் அளவுக்குப் பழுப்பு வட்டம். இன்னொன்றில் அதே புல்தரையின் ஓரம்; நடைபாதையைத் தாண்டித் தண்ணீர் தெருவுக்கு ஓடுகிறது. புல் காய்கிறது என்று ஒரு குற்றம், தண்ணீர் வழிகிறது என்று ஒரு குற்றம். பத்து நாள் கெடு. படம் எடுத்தவருக்குக் கைத்திறமை உண்டு, அதையும் சொல்லிவிடவேண்டும். என் பாஸ்போர்ட் படம்கூட இவ்வளவு தெளிவாக விழுந்ததில்லை.

டல்லாஸில் வீடு வாங்கிய தமிழர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். நீங்களும் என்னைப்போலத்தான் செய்திருப்பீர்கள். ஸ்பிரிங்ளர்காரரைக் கூப்பிடாமல், ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்க்ரூடிரைவரோடு இறங்கியிருப்பீர்கள். மதியத்துக்குள் ஹார்டுவேர் கடைக்கு மூன்று தடவை போயிருப்பீர்கள். மூன்றாம் தடவை போனது இரண்டாம் தடவை வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க. ஆகவே புல் காய்ந்த பகுதிக்குத் தண்ணீர் விடும் மூன்றாம் நம்பர் ஜோன் ஏன் ஓடவில்லை, அதை எப்படிச் சரிசெய்வது என்பதைப் படிப்படியாகச் சொல்லிவிடுகிறேன். யாருக்காவது உதவட்டும்.

முதலில் தண்ணீர் வழிந்த கதை. ஜோன் நின்ற பிறகும் ஒரு ஸ்பிரிங்ளர் தலை கசிந்துகொண்டிருந்தால், அநேகமாக இரண்டில் ஒன்று. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டால், குழாயில் தங்கிய தண்ணீர் தாழ்வான தலை வழியாக வடிகிறது என்று அர்த்தம். நாள் முழுக்க ஊறினால், வால்வுக்குள் இருக்கும் ரப்பர் டயஃப்ரத்தில் ஏதோ சிக்கியிருக்கிறது. என் வீட்டில் இரண்டாவது. ஒன்றாம் நம்பர் வால்வைத் திறந்தேன். ரப்பரின் விளிம்பில், எள்ளில் பாதி இருக்கும், ஒரு கல். நகத்தால் எடுத்துப் போட்டேன். கசிவு நின்றது. அந்த ஐந்து நிமிஷம் நான் பெரிய இன்ஜினீயர்.

அந்தப் பெருமையில் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டதுதான் தப்பு. கோவில்பட்டிப் பக்கம் அப்போது சாயங்காலம் ஐந்தரை. போனைத் தரையில் காட்டினேன்.

"புல்லைக் கிட்டக்கக் காட்டு" என்றார். காட்டினேன்.

"ஏய்யா, இது அருகுல்லா?"

"அருகுதான்ப்பா. இங்க பெர்முடா கிராஸ்னு சொல்வாங்க."

"அருகுக்கா தண்ணி பாய்ச்சுத?"

அதற்குமேல் அவர் பேசவில்லை. சங்கத்துக் கடிதமே தேவலாம் என்றிருந்தது.

அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் நாலு ஏக்கர் கரிசலில் ஆயுசு முழுக்க அவர் மல்லுக்கட்டியது அருகோடுதான். கோடை உழவு ஓட்டி, வேரைப் புரட்டிப்போட்டு, சித்திரை வெயிலில் காயவிட்டு, குடும்பமே குனிந்து பொறுக்கி, வரப்பில் குவித்துக் கொளுத்துவோம். ஒரு கணு மிச்சமிருந்தால் போதும், அடுத்த மழைக்கு எழுந்து நிற்கும். கல்யாண வீட்டில் ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி’ என்று யாராவது வாழ்த்தினால், அருகுபோல் என்ற இடத்தில் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்த அருகுக்குத்தான் நான் எட்டு ஜோன் வைத்து, நேரம் குறித்து, உரம் போட்டு, மாதாமாதம் தண்ணீர் பில் கட்டுகிறேன். மண்ணாவது வேறா? இந்தப் பக்கத்துக் கறுப்பு மண் எங்கள் கரிசலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும், பருத்தி விளையும். அது சுருங்கி வீடு விரிசல் விடாமலிருக்க அஸ்திவாரத்தைச் சுற்றியும் தண்ணீர் விடுகிறோம். இரண்டு விமானம் மாறி, முப்பது வருஷக் கடன் வாங்கி, கரிசலிலிருந்து கரிசலுக்கு வந்திருக்கிறேன். கோரைக்கு மட்டும் இங்கேயும் மரியாதை இல்லை. ஊரிலும் களை, இங்கேயும் களை. அதைக் கொல்லத் தனி மருந்தே விற்கிறார்கள். கோரை செய்த பாவம் என்னவோ.

போன பிள்ளையார் சதுர்த்திக்கு வாசலில் மூவாயிரம் சதுர அடி அருகு நின்றது. மருந்தடித்த புல்லைச் சாமிக்கு வைக்க மனம் வரவில்லை. இந்தியக் கடைக்குப் போய், வாடிய அருகு ஒரு பிடி, மூன்று டாலர் கொடுத்து வாங்கிவந்தேன்.

இன்னொன்று. பனிக்காலத்தில் பெர்முடா தானாகவே பழுத்துவிடும். டிசம்பரில் தெரு முழுக்கப் பழுப்பு. யாருக்கும் கடிதம் வராது. ஜூலையில் தோசைக்கல் அளவு பழுத்தால் வரும். கொஞ்ச நாள் தண்ணீர் விடாவிட்டால் அருகு செத்தா போகும்? காய்ந்து கிடக்கும், மழை விழுந்தால் முளைக்கும். சங்கத்துக்குச் சந்தேகமிருந்தால் அப்பாவைச் சாட்சிக்குக் கூப்பிடட்டும்.

நான் சொல்ல வந்தது மூன்றாம் நம்பர் ஜோன். பத்து மணிக்குள் முடிக்கவேண்டும். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை காலை பத்து முதல் மாலை ஆறு வரை டல்லாஸில் ஸ்பிரிங்ளர் ஓடக்கூடாது. 2012 முதல் வாரத்துக்கு இரண்டு நாள்தான் கணக்கு. கன்ட்ரோலரிலிருந்து வால்வுக்கு 24 வோல்ட் போகும், அங்கே சோலனாய்டு திறக்கும். மல்டிமீட்டர் வைத்தால் நல்ல சோலனாய்டு 20-லிருந்து 60 ஓம் வரை காட்டும். மூன்றாம் நம்பர் கம்பியில் வைத்தேன். ஒன்றுமே காட்டவில்லை. ஒன்று சோலனாய்டு எரிந்திருக்கவேண்டும், இல்லை கம்பி அறுந்திருக்கவேண்டும். வால்வுப் பெட்டியைத் திறந்தால் தெரிந்துவிடும்.

பெட்டியைக் காணோம். ஏழு வால்வு கைக்குக் கிடைத்தது. மூன்றாவதைக் கரிசல் விழுங்கி, மேலே அருகு படர்ந்துவிட்டது. கடப்பாரையால் தட்டித் தட்டி, சத்தம் மாறிய இடத்திலெல்லாம் தோண்டினேன். முதல் குழியில் அரைச் செங்கல். இரண்டாவதில் நாய் கடித்த டென்னிஸ் பந்து. மூன்றாவது, நான்காவது குழிகளில் மண்.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "அடுத்த கடிதத்துல நாலு போட்டோ சேர்த்து வரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இந்த வீட்டை எனக்கு விற்றவர் ஹூஸ்டன் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. வெள்ளைக்காரர், உயரமானவர், நாய் வைத்திருப்பார், தமிழ் படிக்கமாட்டார். உங்களில் யாராவது அவரைப் பார்த்தால், மூன்றாவது வால்வை எங்கே புதைத்தார் என்று ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள். ஆறு நாள்தான் பாக்கி.