முப்பொருள் ஆராய்ச்சி: கைப்பிரேக், கியர், கல்

கிளட்ச் மிதித்து ஓட்டும் காரைச் சரிவில் நிறுத்திவிட்டுப் போகிறவர்கள், எதை நம்பி விட்டுப்போகிறார்கள் என்பதைப் பொறுத்து மூன்று மதத்தாராகப் பிரிவர். லீவரை இழுத்தால் போதும் என்போர் கைப்பிரேக்கியர். கியரில் போட்டால் போதும் என்போர் கியரியர். இரண்டையும் நம்பாமல் டயருக்கு அடியில் கல் வைப்போர் கல்லியர். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் முறைப்படி, பிறர் மதத்தை மறுக்கும் பரபக்கம் முதலிலும், நிலைநாட்டும் சுபக்கம் பின்னும் அமைகின்றன.

கைப்பிரேக்கியர் நம்புவது ஒரு கேபிளை. இருக்கைகளுக்கு நடுவே உள்ள லீவரை இழுத்தால், காருக்கு அடியில் ஓடும் கேபிள் இறுகிப் பின்சக்கர டிரம்முக்குள் பிரேக் ஷூக்களை விரிக்கிறது. இதற்கு ஆயில் வேண்டாம், கரண்ட் வேண்டாம். கால் பிரேக் கைவிட்டாலும் இது தனியே பிடிக்கும். இத்தனை சிறப்பும் கேபிள் இறுக்கமாக இருக்கும்வரைதான். நல்ல நிலையில் ஐந்தாறு ‘கடக்’ ஓசைகளில் பிடிக்கும் லீவர், கேபிள் நீண்டு லைனிங் தேயத் தேய, பத்து, பன்னிரண்டு என்று ஏறிக்கொண்டே போகிறது. அது செங்குத்தாக நிற்பதைப் பார்த்து ‘நல்லா டைட்டா இழுத்திருக்கேன்’ என்று மகிழ்வது இம்மதத்தின் மூல மயக்கம். லீவரின் உயரம் தளர்ச்சிக்கே சான்று.

ஐ.நா.வின் 13-ஹெச் எண்ணுள்ள பிரேக் விதிப்படி, முழுச் சுமையேற்றிய கார் 20 சதவீதச் சரிவில் ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும் கைப்பிரேக்கிலேயே நிற்க வேண்டும். அதற்குக் கையால் இழுக்கும் விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது. ஏறத்தாழ 40 கிலோ மூட்டையைத் தூக்கும் பலம் அது. அந்தச் சரிவில் 1,000 கிலோ காரைக் கீழே இழுப்பது சுமார் 196 கிலோ எடைக்குச் சமமான விசை. இந்தச் சோதனையில் தேறுவது புதுக் கார். அபார்ட்மெண்ட் சாய்தளத்தில் நிற்பது பத்து வருடப் பழைய கார். பின்சக்கரத்தில் டிஸ்க் உள்ள சில கார்களில் இன்னொரு சிக்கல் உண்டு. மலையிறங்கிச் சூடான டிஸ்க் ஆறும்போது சுருங்குவதால் பிடி தளர்ந்து, உரிமையாளர் டீக்கடையில் உட்கார்ந்த பிறகு கார் நகரக்கூடும்.

கியரியரின் வாதம் வலுவானது. கியரில் கிடக்கும் கார் உருள வேண்டுமானால் சக்கரம் எஞ்சினைச் சுற்றியாக வேண்டும். சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று அதை எதிர்க்கும். ஆனால் காற்று கசியக்கூடியது. பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சினில் கார் விட்டுவிட்டு, ஒரு முழம் ஒரு முழமாக இறங்கும். மூன்றாம் கியரிலோ நான்காம் கியரிலோ நிறுத்தினால் பிடி மிகவும் குறைவு. ஏசி போட்டு வைக்கலாமே என்று ஜன்னல் வழியே கைவிட்டுச் சாவியைத் திருப்பும் மைத்துனர் இம்மதத்துக்குப் பெரும் பகை. கிளட்ச் மிதிக்காததால் வண்டி துள்ளிப் பாய்கிறது.

கல்லியரைப் படித்தவர்கள் ஏளனம் செய்கிறார்கள். ஆனால் மூன்றில் தேயும் உறுப்பு ஒன்றும் இல்லாதது கல்தான். சட்டமும் அதற்கு இடம் தருகிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 126ஆம் பிரிவு, ஓட்டுநர் இல்லாத வண்டி தானாக நகராதபடி எஞ்சினை நிறுத்திப் பிரேக் போட வேண்டும், அல்லது வேறு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. அந்த வேறு ஏற்பாட்டைக் கல் என்று கொள்வதே லாரி கிளீனர்களின் மரபுரை. கல்லுக்கும் இலக்கணம் உண்டு: உருண்டை ஆகாது, அடி தட்டையாக இருக்க வேண்டும், சரிவின் கீழ்ப்பக்கம் டயரைத் தொட்டபடி இருக்க வேண்டும். ஒரு சாண் தள்ளி வைத்தால், உருண்டு வரும் கார் அதன் மேல் ஏறிவிடும்.

இனி சுபக்கம். மூன்றும் சேர்ந்தே நிறுத்தம். வரிசை மாறக் கூடாது. கால் பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலுக்கு வந்து, கைப்பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கை மெல்ல விட வேண்டும். கார் லேசாக அசைந்து கைப்பிரேக்கின் மேல் உட்காரும். உட்காராமல் உருண்டால் கேபிள் மெக்கானிக்கைத் தேடுகிறது என்று பொருள். அதன்பின் எஞ்சினை அணைத்துக் கியர் போட வேண்டும்: மூக்கு மேல்நோக்கி இருந்தால் முதல் கியர், கீழ்நோக்கி இருந்தால் ரிவர்ஸ். இடப்பக்கம் நடைமேடை விளிம்பு இருக்கும் இறக்கத்தில் முன்சக்கரங்களை இடப்பக்கமும், ஏற்றத்தில் வலப்பக்கமும் திருப்பி வைத்தால், உருளும் கார் விளிம்பில் முட்டி நிற்கும். கடைசியில் இறங்கிக் கல்லை வைக்க வேண்டும். இடப்பக்கம் பள்ளத்தாக்காக இருந்தால் ஆய்வுக்கு இடமில்லை, அங்கே நிறுத்தக் கூடாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. மழைக்காலத்திலோ கடலோர ஊரிலோ வாரக்கணக்கில் காரை விட்டுப்போவோர் கைப்பிரேக்கை இழுத்து வைத்தால், துருவேறி ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதரையில் கியரும் கல்லும் போதும்.

கல்லியர் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எதில் நின்று புறப்பட்டாலும், வைத்த கல்லைச் சாலையோரம் எடுத்துப் போட்டுவிட்டுப் புறப்படுங்கள். இருட்டில் வரும் பைக்காரருக்கு அது தெரியாது.