கன்டெய்னருக்குப் பின்னால் நிற்போருக்கு ஒரு வகுத்தல் கையேடு

திருவொற்றியூரில் எண்ணூர் விரைவுச் சாலை ஏறிவிட்டீர்களா? முதலில் வண்டியை அணையுங்கள். பெயரில்தான் விரைவு. முன்னால் நிற்கும் டிரெய்லர் இப்போதைக்கு நகராது. ஹாரன் அடித்து அதன் டிரைவரை நோகடிக்க வேண்டாம், அவரும் நிற்கத்தான் செய்கிறார். கண்ணெதிரே கன்டெய்னர் கதவு இருக்கிறது, அதைப் படியுங்கள்.

நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டத்துக்குள் ஓர் இலக்கம். கட்டத்துக்குள் இருப்பவர்தான் காவல்காரர்; எண்ணை யாராவது தப்பாக எழுதினால் காட்டிக்கொடுப்பவர்.

பள்ளிக்கூடத்து 9 விதியை இங்கே எடுக்காதீர்கள். இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் அந்த விதிக்குப் பார்வை மங்கல். 305438-ஐத் தூக்கக் கலக்கத்தில் 350438 என்று எழுதினாலும் கூட்டினால் அதே 23. 4-இன் விதி இன்னும் சோம்பேறி. கடைசி இரண்டு இலக்கம் தாண்டி எட்டிக்கூடப் பார்க்காது.

அதனால் கன்டெய்னர் எண்களுக்கான ஐஎஸ்ஓ 6346 தரம் 11-ஐப் பிடித்துக்கொண்டது. ஏ-க்கு 10, பி-க்கு 12 என்று போய் இசட்-க்கு 38. நடுவில் 11, 22, 33 மூன்றும் எந்த எழுத்துக்கும் கிடையாது. இடமிருந்து 1, 2, 4, 8 என இரட்டித்து 512 வரை பெருக்கிக் கூட்டுங்கள். பத்தே பெருக்கல், சாலை தாராளமாக நேரம் தரும். சி, எஸ், க்யூ, யு, 305438 என்றால் 6185 வரும். அதை 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கட்டத்து இலக்கம். அதற்காக வகுக்க வேண்டியதில்லை. 10 என்பது 11-க்கு ஒன்று குறைச்சல், 100 என்பது 99-க்கு ஒன்று கூடுதல்; ஆகவே வலமிருந்து மாற்றி மாற்றி: 5−8+1−6 = −8. 11-ஐச் சேர்த்தால் 3. கட்டத்தில் 3 இருக்க வேண்டும். (மீதி 10 வந்தால் 0 போடுவார்கள்.) இலக்கம் இடம்மாறிய அந்த 350438-க்கோ 8 வந்து குட்டு உடையும்.

இன்னும் நகரவில்லையா? 1912-இல் மதராஸ் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கெழுதிய ராமானுஜனை நினைத்துக்கொள்ளுங்கள். 6-ஐ எத்தனை விதமான கூட்டலாகப் பிரிக்கலாம் (வரிசை மாறினால் புதுக் கணக்கில்லை, தனி 6-உம் சேர்த்தி)? 11. 17-ஐ? 297, அதாவது 27 பதினொன்று. 11-ஆல் வகுத்து 6 மீதி வரும் எந்த எண்ணை எடுத்தாலும் இந்த விடை 11-ஆல் வகுபடும் என்றவர் அவர். விரல்விட்டுச் சரிபார்க்க நினைப்பவர்கள் 28-க்குப் போகாதீர்கள், ராத்திரியாகிவிடும்.

கடைசி எச்சரிக்கை: மீதி ஒத்துவரவில்லை என்றால் இறங்கி ஓடாதீர்கள். நான் ஓடினேன். “அண்ணே, நம்பர் தப்பா இருக்கு!” டிரைவர் நிதானமாக இறங்கி வந்து, தோள் துண்டால் கதவின் கரிப்புழுதியைத் துடைத்தார். நான் 3 என்று படித்தது 8.

“தொடச்சிட்டு கணக்குப் போடு சார்.”