ஹாங்காங் கடிதம்: அஞ்சாம் நம்பர் படகுத்துறை

இங்கே மழை ஓய்ந்து வெயிலும் தணிந்துவிட்டது. ஹாங்காங்கில் இதற்கு அக்டோபர் என்று பெயர். தமிழ்க் குடும்பங்களுக்கு இது சொந்தபந்தம் வந்து இறங்கும் காலம்.

வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட நம்மூர்க்காரர் யாரைக் கேட்டாலும் ஒரே கவலையைத்தான் சொல்வார். வந்தவர்களை எங்கே கூட்டிப்போவது? டிஸ்னிலாண்டுக்குக் குடும்பத்தோடு ஒருமுறை போய்வந்தால் அந்த மாதம் ஊருக்குப் பணம் அனுப்ப முடியாது. வீட்டிலேயே வைத்து உபசரிக்கலாம் என்றால் வீடு நானூறு சதுர அடி. அதற்குள் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், துவைக்கும் இயந்திரம், இப்போது ஊரிலிருந்து வந்த மாமனாரும். ஒருவர் சோபாவை விட்டு எழுந்தால்தான் இன்னொருவர் ஃபிரிட்ஜைத் திறக்க முடியும்.

அதனால் படகு.

ஹாங்காங் ஒரே தீவு என்றுதான் ஊரில் பலருக்கு நினைப்பு. உண்மையில் 260-க்கு மேல் தீவுகள் இதன் எல்லைக்குள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் ஆளே கிடையாது. ஆள் இருக்கும் முக்கியமான தீவுகளுக்கு நகரின் மையமான சென்ட்ரல் கரையிலிருந்து வரிசையாகப் படகுத்துறைகள். நாலாம் நம்பரில் ஏறினால் லாமா, அஞ்சில் சியுங் சாவ், ஆறில் பெங் சாவும் முய் வோவும். தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் வாய்ப்பாட்டோடு இதையும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்.

இந்தக் கடிதத்தின் நாயகர் கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் ஒரு மாமனார். கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹாங்காங் டாலர் ஒன்றுக்குச் சுமார் 11 ரூபாய் என்று விமான நிலையத்திலேயே தெரிந்துகொண்டார். அன்றிலிருந்து அவர் எதையும் பார்ப்பதில்லை, பெருக்குகிறார். தண்ணீர் பாட்டிலைப் பெருக்கிவிட்டுத் தாகத்தோடு நடந்தவர் அவர்.

மாப்பிள்ளை முதல் வேலையாக அவருக்கு ஓர் ஆக்டோபஸ் அட்டை வாங்கிக் கொடுத்தார். 1997-ல் வந்த அட்டை இது. ரயில், பஸ், படகு, பலசரக்குக் கடை என்று எல்லா இடத்திலும் ஒரு பீப் சத்தத்தோடு காசை எடுத்துக்கொள்ளும். 50 டாலர் முன்பணம் அதற்குள் கிடப்பதால், இருப்பு போதாவிட்டாலும் ஒரு பயணத்துக்குக் கழித்துவிட்டுக் கணக்கை மைனஸில் காட்டும். மாமனார் அசந்துபோனார். “ஜாமீன் இல்லாம, கையெழுத்து இல்லாம ஓவர்டிராஃப்ட்டா மாப்பிள்ளை?” என்று கேட்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய வங்கியில் இதற்கு மூன்று படிவங்கள் நிரப்ப வேண்டியிருந்ததாம்.

வெள்ளோட்டம் ஸ்டார் ஃபெரியில். சென்ட்ரலிலிருந்து சிம் ஷா சுய் வரை பத்து நிமிஷத்துக்குள் துறைமுகத்தைக் கடந்துவிடும். கட்டணம் ஏழு டாலரைத் தாண்டாது. உலகம் முழுவதிலுமிருந்து வந்து படம் பிடிக்கிற அந்த வானுயர்ந்த கட்டடங்களை இவ்வளவு சல்லிசாக வேறு எங்கிருந்தும் பார்க்க முடியாது. இந்தப் படகு சர்வீஸை 1888-ல் தொடங்கியவர் டோராப்ஜி நவ்ரோஜி மிட்டாய்வாலா என்ற பார்சி. பத்து வருஷத்தில் அது வேறு கம்பெனியின் கைக்கு மாறி, 1898-ல் ஸ்டார் ஃபெரி ஆனது. ஒரு மிட்டாய்வாலா விட்ட படகு என்றதும் மாமனார் உரிமையோடு கால்நீட்டி உட்கார்ந்தார். படகுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. வந்தபடியே திரும்பிப் போகும். பயணிகள்தான் மரப்பெஞ்சின் சாய்மானத்தைக் கையால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளி, போகும் திசை பார்த்து உட்கார வேண்டும். ‘டக்’கென்று அது விழும் சத்தத்துக்காகவே பேரன் ஒவ்வொரு பெஞ்சாகத் தள்ளிக்கொண்டு போனான்.

1966-ல் இந்தப் படகின் முதல் வகுப்புக் கட்டணத்தை 20 காசிலிருந்து 25 ஆக்கப்போகிறோம் என்றார்கள். ஓர் இளைஞர் படகுத்துறையில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அது போராட்டமாகிக் கலவரமாகி, ஊரடங்கில் போய் முடிந்தது. அஞ்சு காசுக்கு இவ்வளவா என்று சொல்லிச் சிரிப்பது மாப்பிள்ளையின் வழக்கம். மாமனார் சிரிக்கவில்லை. “அஞ்சு காசுன்னு பாக்காதீங்க. இருபத்தஞ்சு சதவீதம். எவன் பொறுப்பான்?” என்றார்.

நிஜமான தீவுப் பயணம் சியுங் சாவில் தொடங்கியது. அஞ்சாம் நம்பர் துறையில் இரண்டு வகைப் படகு. வேகப்படகு முக்கால் மணிக்குள் கொண்டு சேர்க்கும். சாதாரணப் படகு ஒரு மணி நேரம் ஆடி அசைந்து போகும். வார நாளில் சாதாரணப் படகுக்கு 15 டாலர் அளவில், வேகப்படகுக்கு அதன் இரண்டு மடங்கு. ஞாயிறு என்றால் எதுவானாலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. லீவு கிடைக்கும் நாளில்தான் விலையும் ஏறும். ஆகவே மாப்பிள்ளை செவ்வாய்க்கிழமை லீவு போட்டார். கூடுதலாகப் போகும் கொஞ்ச நேரத்தை யாரும் சம்பளத்தில் பிடிக்கப்போவதில்லை என்று சாதாரணப் படகையே பிடித்தார்கள்.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மேல் தட்டு உயர்வகுப்பு, ஏசி போட்டது. கட்டணம் கீழ்த்தட்டைவிடக் கணிசமாக அதிகம். கடல்காற்று அள்ளிக்கொண்டு போகும் திறந்தவெளிப் பின்தட்டுக்கும் அந்த மேல் வகுப்புச் சீட்டு இருந்தால்தான் போகலாம். அதாவது, ஏசிக்குக் காசு கட்டி, ஏசி இல்லாத இடத்தில் உட்கார வேண்டும். இந்தச் செலவுக்கு மாமனார் மறுப்பு சொல்வார் என்று மகள் பயந்தாள். அவரோ பின்தட்டு பெஞ்சில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தார். புளியோதரை, தயிர்சாதம், மாவடு. சரக்குக் கப்பல்கள் மலைமலையாய்க் கண்டெய்னர்களை அடுக்கிக்கொண்டு பக்கத்தில் போயின. நானூறு சதுர அடிக்குள் பத்து நாள் முழங்காலை மடக்கி வாழ்ந்தவருக்கு இது சொந்தத் திண்ணை மாதிரி ஆகிவிட்டது. பெருக்கல் கணக்கு அன்று மத்தியானம் வரை நடக்கவில்லை.

சியுங் சாவில் சொந்தக் கார்கள் கிடையாது. சைக்கிளும் சின்னச்சின்ன வண்டிகளும்தான் ஓடும். தீயணைப்பு வண்டிகூடக் குட்டியாக இருக்கும். கரையோரத் தெரு முழுக்க மீன் ஓட்டல்கள், வாசலில் தண்ணீர்த் தொட்டிகள், தொட்டிக்குள் உயிரோடு நண்டும் இறாலும் மீனும். சைவரான மாமனார் அவற்றைக் கடக்கும்போது மட்டும் வேகமாக நடந்தார். அவர் மே மாதம் வந்திருக்க வேண்டும். சீன நாட்காட்டியில் நாலாம் மாதம் எட்டாம் நாளை ஒட்டி இங்கே ‘பாவ்’ என்ற ஆவியில் வெந்த பன்னுக்கான திருவிழா நடக்கும். திருவிழாவில் மூன்று நாள் ஊரே சைவம். தீவின் மெக்டொனால்ட்ஸ்கூட அப்போது காளான் பர்கர் விற்கும். பாவ் அடுக்கிய கோபுரத்தில் ஏறிப் பறிக்கும் போட்டிதான் உச்சம். 1978-ல் கோபுரம் சரிந்து ஆட்களுக்கு அடிபட்டதால் நிறுத்திவைத்தார்கள். 2005-ல் ஏற்பாடுகளைப் பலப்படுத்தி மறுபடி தொடங்கினார்கள். இப்போது கோபுரத்தில் இருப்பவை பிளாஸ்டிக் பாவ்கள். தின்பதற்கான பாவ் வருஷம் முழுக்கக் கடையில் கிடைக்கும். தாமரை விதை பூரணம் வைத்ததை மாமனார் ஒன்று சாப்பிட்டார். பிறகு இன்னொன்று. “நம்ம கொழுக்கட்டைக்கு மொட்டை போட்ட மாதிரி இருக்கு” என்றார்.

மாப்பிள்ளை பெருமையோடு சொல்லும் விஷயம் அடுத்தது. பெரும்பாலானவர்கள் ஒரு தீவைப் பார்த்துவிட்டு சென்ட்ரலுக்குத் திரும்பி, அங்கிருந்து இன்னொரு தீவுக்குப் புறப்படுவார்கள். இரட்டைச் செலவு. சியுங் சாவிலிருந்து சி மா வான், முய் வோ வழியாகப் பெங் சாவுக்குத் தீவுகளுக்கிடையே ஒரு படகு ஓடுகிறது. ஒரு நாளைக்குச் சில தடவைதான், இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கில். அட்டவணையைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளாவிட்டால் துறையில் பூனைகளோடு உட்கார வேண்டியதுதான். முய் வோவில் இறங்கினால் எருமைகள் ரோட்டோரமாக மேய்கின்றன. வந்த நாளாக மாமனார் முகத்தில் வராத ஒரு சிரிப்பு அங்கே வந்தது. சென்ட்ரலில் ஒரு பெரிய வங்கிக் கட்டடத்தைக் காட்டியபோதுகூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை.

லாமாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். யுங் ஷூ வானில் இறங்கி, குன்றுவழியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்து, சோக் கூ வானில் வேறு படகு பிடிக்கலாம். போகும் வழியில் இஞ்சிப் பாகு ஊற்றிய சூடான டோஃபு இனிப்பு சாப்பிடலாம். மின்நிலையத்தின் மூன்று புகைபோக்கிகள் எந்தப் போட்டோவிலும் வந்து நிற்கும். வெட்டி எடுக்கத்தான் வேண்டும்.

துங் பிங் சாவ் வேறு ரகம். வடகிழக்கு மூலையில், சீனக் கரையை ஒட்டிய தீவு. பலகைகளை அடுக்கிவைத்தது போலப் படலம் படலமான பாறைகள் அங்கே பிரசித்தம். மா லியு ஷுய் என்ற துறையிலிருந்து சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும்தான் படகு. காலையில் போனால் மாலையில் திரும்பும். அதை விட்டவருக்குத் தீவிலேயே இரவு. அக்கரை சீனா என்பதால் அங்கே போன் தானாகவே சீன நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். மாமனார் அங்கிருந்து கும்பகோணத்துக்கு வீடியோ கால் போட்டு, பாறை ஒவ்வொன்றையும் சம்சாரத்துக்குக் காட்டினார். படகுக் கட்டணத்தைவிட ரோமிங் பில் பெரிது என்பதை இதுவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைப் பார்ப்பவர்களும் சொல்ல வேண்டாம்.

புயல் வந்தால் மட்டும் எல்லாத் திட்டமும் காலி. இங்கே புயல் எச்சரிக்கை எண்கள் 1, 3, 8, 9, 10. இடையில் இருப்பவை எங்கே போயின என்று மாமனார் கேட்டார், யாருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. எட்டு ஏற்றினால் படகுகள் நின்றுவிடும். தீவில் மாட்டினவர் மாட்டினதுதான். ஆபீஸும் பள்ளியும் லீவு என்பதால் எட்டை எதிர்பார்த்து வானிலைப் பக்கத்தைப் பார்ப்பவர்களும் நம்மவர்களில் உண்டு.

60 வயது தாண்டிய உள்ளூர்வாசிகளுக்கு அரசு சலுகைக் கட்டணம் தருகிறது. 2012-ல் 2 டாலர் திட்டமாகத் தொடங்கியபோது வரம்பு 65, 2022-ல் அதைக் குறைத்தார்கள். ஊரிலிருந்து வந்தவர்களுக்குக் கிடையாது. இது மாமனாருக்கு ஆறாத குறை. ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு அஞ்சாம் நம்பர் துறைக் கவுண்டரில் ஒருதடவை பேசிப் பார்க்கலாம் என்று கிளம்பினார். மகள் குறுக்கே வந்து நிறுத்தினாள்.

கணக்கு நோட்டில் எல்லாம் எழுதியிருக்கிறார். தீவுகள் மொத்தத்துக்கும் ஆன படகுச் செலவை ஒரு பக்கத்தில் கூட்டி, டிஸ்னிலாண்டின் ஒரு டிக்கெட் விலையை எதிர்ப்பக்கத்தில் போட்டு, நடுவில் கோடு இழுத்து அதன்கீழ் கையெழுத்தும் போட்டுவிட்டார். அடுத்து வரவிருப்பது சம்பந்தி வீடு. அவர்களுக்கு மாமனார் போனில் சொன்ன யோசனைகள்: செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துப் போகவும், மேல் தட்டுக்கே சீட்டு எடுக்கவும், மாவடு மறக்காமல் கொண்டுவரவும், துங் பிங் சாவில் சிக்னல் பிரமாதம்.