விற்ற அண்ணன்மாருக்கு மாலையா?

கேள்வி: யோசேப்பு விற்கப்பட்டதால்தான் எகிப்து பஞ்சத்திலிருந்து தப்பியது என்றால், விற்ற அண்ணன்மாருக்கு ஒரு மாலையாவது போட வேண்டாமா?

பதில்: ஆதியாகமம் 37-ஆம் அதிகாரத்தின்படி, 17 வயதுத் தம்பியைத் தண்ணீரில்லாத குழிக்குள் தள்ளிவிட்டு மேலே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், பிறகு அவனை 20 வெள்ளிக்காசுக்கு இஸ்மவேல வணிகரிடம் விற்று, அவனது அங்கியை ஆட்டு இரத்தத்தில் தோய்த்துத் தகப்பனுக்கு அனுப்பினார்கள். ஏழாண்டுப் பஞ்சத்துக்கு நிவாரணம் தேடியவர்களின் இலட்சணம் இதுவன்று. தகப்பன் இறந்ததும் தம்பி பழிவாங்குவானோ என்று நடுங்கியவர்களும் அவர்களே. அவர்களைத் தேற்றிய யோசேப்பு, அவர்கள் எண்ணியது தீமையே என்பதை மறைக்காமல், அதைக் கடவுள் நன்மையாக மாற்றியதைச் சொல்கிறார். இறையியலார் இதைப் பராமரிப்பு என்பர். மனிதரின் விருப்பத்தைப் பறிக்காமலே அவர்கள் செயலைத் தம் நோக்கத்துக்கு உட்படுத்தும் கடவுளின் ஆளுகை என்பது அதன் பொருள். தீமையை அறவே தடுப்பதைவிட, அதிலிருந்து நன்மையை விளைவிப்பதையே கடவுள் மேலானதாகக் கருதினார் என்றார் ஐந்தாம் நூற்றாண்டின் அகுஸ்தீன். குழிக்குள் கிடப்பவருக்கு இந்த விளக்கம் உடனடியாக இனிக்காது என்பது வேறு கதை. அப்படியானால் நன்மை வருவதற்காகத் தீமை செய்யலாமே என்று கிளம்புவோரைப் பவுல், உரோமருக்கு எழுதிய நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்திலேயே வாசலில் நிறுத்திவிட்டார்.