கறுப்புப் பட்டைக்குக் கடலில் என்ன வேலை?

1986இல் மோட்டோரோலா நிறுவனத்தில் பிறந்தது ‘சிக்ஸ் சிக்மா’ என்ற தரக்கட்டுப்பாட்டு முறை. பத்து லட்சம் வாய்ப்புகளில் 3.4 பிழைக்கு மேல் கூடாது என்பது அதன் வேதம். காலப்போக்கில் எந்த இயந்திரமும் கொஞ்சம் நகரும் என்று 1.5 சிக்மாவைத் தள்ளுபடி செய்துதான் அந்த 3.4 வருகிறது. ஆக, பெயர் ஆறு, கணக்கு நாலரை. இதில் தேறியவர்களுக்குப் பச்சை, கறுப்பு என்று பட்டைகளும் உண்டு.

அப்படி ஒரு கறுப்புப் பட்டைக்காரர் அந்தமானின் ஹேவ்லாக் தீவைத் திருத்த வந்தால்? படகுத்துறையிலேயே முதல் குறை: கடல் கொந்தளித்தால் படகு ரத்து. டொயோட்டாக்காரர்கள் சொல்லித் தந்தபடி ஐந்து முறை ‘ஏன்’ கேட்க வேண்டும். ஏன் படகு இல்லை? காற்று. ஏன் காற்று? பருவமழை. மூன்றாவது ‘ஏன்’ வருண பகவானின் அலுவலகத்துக்குப் போய்விடும். அங்கே குறைதீர்க்கும் நாள் கிடையாது. அடுத்த குற்றவாளி ஓதம். தினமும் சுமார் 50 நிமிடம் தாமதம். சந்திரனுக்கு மெமோ கொடுக்கலாம்.

பெயரிலும் மாறுபாடு. 2018இல் அரசு ஸ்வராஜ் த்வீப் என்று மாற்றிவிட்டது; பயணிகள் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான்.

ஆனாலும் இங்குள்ள ராதாநகர் கடற்கரை 2020இல் 33 அளவுகோல்களில் தேறி நீலக்கொடிச் சான்று வாங்கியது. நீரின் தூய்மை, குப்பை, பாதுகாப்பு என்று மனிதர் கையில் இருப்பதை மட்டுமே அளந்தார்கள். அலைக்கும் தேர்வு வைத்திருந்தால் உலகத்தில் ஒரு கடற்கரையும் தேறியிருக்காது.